துப்பாக்கிக் கணக்கும் சராசரி மனிதனும்

அமெரிக்காவில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது வெறும் பேச்சு அன்று. ஸ்விட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில் சிறு ஆயுதங்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அது 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் ஏறக்குறைய 39 கோடியே 30 லட்சம். அப்போது அந்நாட்டின் மக்கள் தொகையோ சுமார் 32 கோடியே 60 லட்சம்தான். கைக்குழந்தைகளையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் துப்பாக்கி மிஞ்சும்.

இதைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு படம் எழுகிறது. அங்கே ஆளுக்கொரு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் பெரும்பாலோரிடம் சொந்தத் துப்பாக்கியே கிடையாது. அப்படியானால் வைத்திருப்பவர் ஒருவரிடம் எத்தனை இருக்கும்? இதுதான் இன்றைய கேள்வி. பார்ப்பதற்கு எளிய வகுத்தல் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் மேல் எண்ணும் சரியாகத் தெரியாது, கீழ் எண்ணும் சரியாகத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க ஒரு வேட்டைத் துப்பாக்கி வேண்டுமானாலும் போலீசாரிடம் மனுப் போட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆகவே முறைப்படி வாங்கிய துப்பாக்கிக்குப் பதிவு இருக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அப்படிப்பட்ட பொதுப் பதிவேடு இல்லை. 1986இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அத்தகைய பதிவேட்டை மத்திய அரசு உண்டாக்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. எண்ண வழியில்லாதபோது மதிப்பிடத்தான் வேண்டும்.

மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. தொழிற்சாலைகளில் ஆண்டுதோறும் செய்தவற்றைக் கூட்டி, வெளிநாட்டிலிருந்து வந்தவற்றைச் சேர்த்து, வெளியே போனவற்றைக் கழிப்பது ஒன்று. ஆனால் துப்பாக்கி நீண்ட நாள் உழைக்கும் பொருள். தாத்தா வாங்கியதைப் பேரன் வைத்திருப்பான். எத்தனை துருப்பிடித்து வீணாயின, எத்தனை எல்லை கடந்து மெக்சிகோவுக்குப் போயின என்று யார் கணக்கெழுதி வைத்தார்கள்? மேலும் இந்த வழி மொத்தத்தைத்தான் சொல்லும். யாரிடம் எத்தனை என்று சொல்லாது.

மற்ற வழி, மக்களையே கேட்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓர் ஆய்வு நிலையம், ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்று 1973 முதல் கேட்டு வருகிறது. கேட்பது எளிது, வரும் பதிலை நம்புவதுதான் கடினம். அன்னியர் ஒருவர் வந்து விசாரித்தால் எல்லாரும் உள்ளதைச் சொல்லிவிடுவார்களா? இதில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. மணமான ஆண்களையும் மணமான பெண்களையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தால், ‘எங்கள் வீட்டில் உண்டு’ என்று சொல்லும் ஆண்களின் விழுக்காடு பெண்களின் விழுக்காட்டைவிடக் கூடுதலாக வருகிறது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்! இரண்டு எண்களும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? அலமாரிக்குள் இருப்பது சில மனைவிமாருக்குத் தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் சொல்ல விரும்பாமலும் இருக்கலாம். நம் வீடுகளில் கணவர் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாமல் இருப்பது போலத்தான்.

குறைகள் இருந்தாலும், பலமுறை கேட்டதில் ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது. 1994இல் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, 4 கோடியே 40 லட்சம் பேரிடம் 19 கோடியே 20 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. வகுத்தால் ஆளுக்கு 4.4. ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் எடுத்த கணக்கெடுப்பிலோ, வயது வந்தவர்களில் 22 விழுக்காட்டினர், அதாவது சுமார் ஐந்தரைக் கோடிப் பேர், 26 கோடியே 50 லட்சம் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். வகுத்தால் ஆளுக்கு 4.8.

ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண அமெரிக்கரிடம் ஐந்து துப்பாக்கிகள் இருக்கும் என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அங்கேதான் தவறு நேருகிறது.

நம் லயத்துக்கே வருவோம். கோழி வளர்க்கும் வீடுகள் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீடுகளில் ஒவ்வொரு கோழி. மூன்று வீடுகளில் இரண்டிரண்டு. இரண்டு வீடுகளில் மும்மூன்று. ஒன்பதாம் வீட்டில் ஐந்து. பத்தாம் வீட்டுப் பெரியவருக்குக் கோழி என்றால் உயிர். அவரிடம் மட்டும் 28. பிள்ளைகள் விரல்விட்டுக் கூட்டிப் பார்க்கட்டும். மொத்தம் 48. பத்தால் வகுத்தால் சராசரி 4.8. ஆனால் எட்டு வீடுகளில் மூன்றுக்கு மேல் கோழி கிடையாது. ‘இந்த லயத்தில் வீட்டுக்கு ஐந்து கோழி’ என்று நம்பி, விருந்தாளி ஒருவர் ஏதாவது ஒரு கதவைத் தட்டினால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்.

இப்போது பத்து வீடுகளையும் கோழி எண்ணிக்கைப்படி சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பவை ஐந்தாம் வீடும் ஆறாம் வீடும். இரண்டிலும் இரண்டு கோழிகள். இந்த நடு எண்ணை நடுவெண் என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். சாதாரண வீடு எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால் நடுவெண்ணைத்தான் கேட்க வேண்டும். சராசரி, பத்தாம் வீட்டுப் பெரியவரின் கோழிகளை எடுத்து மற்றவர் கூண்டிலும் கணக்கில் மட்டும் போட்டுவிடுகிறது!

சம்பளக் கணக்கிலும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டில் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுவெண் வருமானம் 6,338 வெள்ளி. இரண்டும் அரசாங்கப் புள்ளிவிவரத் துறை சொன்னவைதாம். முதல் எண்ணை மட்டும் கேட்கும் தோட்டத் தொழிலாளி, ‘ஊரெல்லாம் எட்டாயிரம் சம்பாதிக்கிறது, நான் மட்டுமா பின்தங்கிவிட்டேன்?’ என்று மனம் நொந்து போவார். நாட்டில் பாதிக் குடும்பங்கள் 6,338 வெள்ளிக்குக் கீழேதான் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை.

சரி, துப்பாக்கிக்குத் திரும்புவோம். 2015இல் விசாரித்தபோது, வைத்திருப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஒன்று அல்லது இரண்டுதான் இருந்தன. மறுபுறம், அவர்களில் 14 விழுக்காட்டினரிடம் ஆளுக்கு எட்டும் அதற்கு மேலும் இருந்தன. நாட்டின் துப்பாக்கிகளில் பாதி அந்தச் சிறு கூட்டத்தாரிடமே இருந்தன. அவர்களுடைய சராசரி ஆளுக்கு 17. எஞ்சிய பாதியை மீதமுள்ள 86 விழுக்காட்டினருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்றுகூடத் தேறாது. நமது பத்தாம் வீட்டுப் பெரியவர் அங்கேயும் இருக்கிறார்.

ஒருவருக்கு ஏன் பதினேழு? கேட்டவுடன் படை திரட்டுகிறாரோ என்று தோன்றும். ஆனால் பால்வெட்டுக் கத்தியால் புல் வெட்ட முடியுமா? பாராங்கத்தியால் செம்பனைக் குலையை உயரத்திலிருந்து இறக்க முடியுமா? நம் வீட்டிலேயே மூன்று நான்கு கத்திகள் இருக்கின்றன. அதுபோல் மான் வேட்டைக்கு ஒன்று, பறவை வேட்டைக்கு ஒன்று, குறி பார்த்துச் சுடும் போட்டிக்கு ஒன்று, அப்பா விட்டுச் சென்றது ஒன்று எனச் சேர்ந்துவிடும். பழந்துப்பாக்கிகளைத் தபால்தலை போலச் சேர்ப்பவர்களும் உண்டு. ஒன்றே ஒன்று வைத்திருப்பவரோ பெரும்பாலும் திருடனுக்குப் பயந்து வாங்கியவராக இருப்பார் என்பது என் எண்ணம். பியூ ஆய்வு மையம் 2017இல் கேட்டபோது, வைத்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் தற்காப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

கூர்ந்து கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கணக்கில் 39 கோடி. மற்றொன்றில் இருபத்தாறரைக் கோடி. ஏறக்குறையப் பதின்மூன்று கோடித் துப்பாக்கிகள் எங்கே? வைத்திருப்போர் எத்தனை பேர் என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஹார்வர்டு கணக்கில் 22 விழுக்காடு. பியூ கணக்கில் 30 விழுக்காடு. எந்த எண்ணை எதனால் வகுப்பது என்பதைப் பொறுத்துச் சராசரி ஐந்தாகவும் வரும், ஏழாகவும் வரும்.

இங்கே மறுபடியும் கோழிக்கூண்டைப் பாருங்கள். பத்தாம் வீட்டுப் பெரியவர் உண்மையில் இன்னும் 20 கோழிகளைக் கொல்லைப்புறத்தில் மறைத்து வைத்திருந்தார் என்று கொள்வோம். மொத்தம் 68 ஆகிவிடும். சராசரி 6.8க்குத் தாவும். நடுவெண்? அதே இரண்டு. அசையவே இல்லை. விடுபட்ட துப்பாக்கிகள் பெருமளவுக்கு நிறைய வைத்திருப்பவர்களிடமே இருக்குமானால், மொத்தம் எவ்வளவு ஏறினாலும் சாதாரண மனிதரிடம் இருப்பது இரண்டோ மூன்றோதான். ஆகவே மொத்தத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டையிட்டுக் கொண்டிருந்தாலும், நம் கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை சொல்ல முடிகிறது.

இரண்டா ஐந்தா என்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். மனம் உடைந்த ஒரு நாளில், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருந்தாலே போதும், பத்து வேண்டியதில்லை. அந்த இறப்புகளைக் குறைக்க விரும்புவோர் கேட்க வேண்டியது நாட்டில் எத்தனை கோடித் துப்பாக்கி என்பதன்று. எத்தனை வீடுகளில் ஒன்றாவது இருக்கிறது, அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். திருட்டைப் பற்றிக் கவலைப்படுவோருக்கோ கேள்வி வேறு. நிறைய வைத்திருப்பவர்களிடமிருந்துதான் துப்பாக்கி திருடுபோகும் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் பத்தாம் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பி, 4.8 என்ற ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சட்டம் செய்யப் புறப்பட்டால், அப்படி ஒரு மனிதரை அந்நாடு முழுவதும் தேடினாலும் காண முடியாது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பத்தாம் வீட்டை நீக்கிவிட்டு, மீதி ஒன்பது வீடுகளுக்குச் சராசரியும் நடுவெண்ணும் கண்டுபிடியுங்கள். எது எவ்வளவு மாறியது என்று எழுதி, நாளைக்கு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.