புகைப்படக் கலையில் முதுநிலைக் கல்வி

புகைப்படக் கலை 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பதினாறே ஆண்டுகளில், 1855-இல், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் அதற்கென ஒரு வகுப்பு தொடங்கப்பட்டது. எனினும், இதனை முதுநிலைப் பட்டப் படிப்பாக வழங்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் இன்றும் மிகச் சிலவே.

1961-இல் ஆமதாபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம், தனது காந்திநகர் வளாகத்தில் இத்துறையில் முதுநிலைக் கல்வி அளிக்கிறது. நுழைவுத் தேர்வுடன் நேர்காணலும் உண்டு. ஒரே பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்து எடுத்த படத் தொகுப்பு மாணவரின் நோக்கை நன்கு புலப்படுத்தும்.

கைப்பேசி வாயிலாக எவரும் படமெடுக்கும் காலத்தில் இக்கல்வி தேவைதானா என்ற வினா எழுவது இயல்பு. பரோடாப் பல்கலைக் கழகத்தில் ஓவிய ஆசிரியராக இருந்த ஜோதி பட்டின் பணி இதற்கு விடையாகும். 1960-களின் பிற்பகுதி தொடங்கி, அவர் குஜராத் முதலிய பகுதிகளின் கிராமச் சுவர்ச் சித்திரங்களையும் கோலங்களையும் படமாக்கினார். மண்சுவர் இருந்த இடத்தில் சிமெண்டுச் சுவர் எழும்போது, மறைந்த சித்திரத்திற்கு அத்தகைய படமே சான்றாகிறது. எதைப் படமாக்க வேண்டும், ஏன் என்பதைப் பொறி கற்பிப்பதில்லை.

இக்கல்விக்கு ஆகும் செலவு சிறிதன்று. பட்டம் பெற்றவுடன் நிலையான வருவாய் கிட்டும் என்ற உறுதியும் இல்லை. இதனால் வசதியுள்ளோர் மட்டுமே பயிலும் நிலை உருவாகலாம். கிராமத்தில் பிறந்து வளர்ந்த இளைஞருக்கும் உதவித்தொகை கிட்டினால்தான், கிராமத்தின் முகம் அதன் உள்ளிருந்தே பதிவாகும்.