பட்டியல் யாரைக் காக்கிறது?

2019இல் என் பெரியப்பா மகள் தொடக்கக் கல்லூரி மாணவி. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அந்த ஏப்ரலில் சுகாதார அமைச்சின் அறிவிப்பு வந்தது. சிங்கப்பூர் அங்கீகரிக்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் 2020 ஜனவரி முதல் 160இலிருந்து 103ஆகக் குறையும். அக்காவின் கல்லூரி புதிய பட்டியலில் இல்லை. அவர் வேறு துறைக்குப் போய்விட்டார்.

அதற்காக உரிமமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தாத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவர் முறையாகப் பதிவுபெற்றவர் என்ற நம்பிக்கையில்தான் வெளியே காத்திருந்தோம்.

ஆனால் எல்லா விதிகளும் ஒன்றல்ல. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கு முதலில் மேற்பார்வையின்கீழ் பணியாற்றவேண்டும். அது மருத்துவரின் திறனைப் பார்க்கும் விதி, நோயாளிக்குப் பாதுகாப்பு. பட்டியலோ கல்லூரியின் பெயரைப் பார்க்கிறது. அதைக் குறைத்ததற்குத் தரத்தோடு, உள்ளூரில் மருத்துவம் படிக்கும் இடங்கள் கூடியதும் காரணமாகச் சொல்லப்பட்டது. தரம் நோயாளிக்கானது. எத்தனை பேர் தேவை என்பது வேறு கணக்கு. அதில் போட்டி குறைவதால் ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கும் லாபம் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், எது யாருக்காக என்பது மாணவருக்குப் புரிவதில்லை.

2025 பிப்ரவரியில் ஒன்பது கல்லூரிகள் சேர்ந்து எண்ணிக்கை 112 ஆனது. மூப்படையும் சமூகத்தின் தேவையே காரணம் என்றார்கள். செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன்.

“என் கல்லூரி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை.

வெளிநாடு செல்ல எண்ணும் நண்பர்களே, விண்ணப்பிக்கும் முன் பட்டியலைப் பாருங்கள். அது யாரைக் காக்கிறது என்றும் கேளுங்கள்.