காற்றில் வரும் பேச்சு

புனே நகரின் கிழக்கே ஹடப்சர் இருக்கிறது. முன்பு கரும்பு விளைந்த ஊர். இன்று தொழிற்சாலைகளும் கணினி அலுவலகங்களும் நிறைந்த ஊர். புனேயிலிருந்து தவுண்டு போகும் பாதையில் ஹடப்சர் ரயில் நிலையம் உள்ளது.

ரயிலில் ஓட்டுநர் முன்னால் இருக்கிறார். கார்டு கடைசியில் இருக்கிறார். இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் பெயர் வாக்கி டாக்கி.

பொத்தானை அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. அதனால் பேசி முடித்ததும் 'ஓவர்' என்பார்கள். 'இனி நீங்கள் பேசுங்கள்' என்று பொருள்.

கம்பி இல்லாமல் பேச்சு எப்படிப் போகிறது? குளத்தில் கல்லைப் போட்டால் அலை நாலா பக்கமும் பரவும் அல்லவா? கருவி நம் குரலை வானொலி அலையாக மாற்றி அனுப்புகிறது. அந்த அலையும் நாலா பக்கமும் பரவும். ஒருவரிடம் பேசினாலும் அலை பலரிடம் போகும்.

ஸ்கேனர் என்பது என்ன?

ஸ்கேனரும் கையடக்கக் கருவிதான். அதில் பேச முடியாது. கேட்க மட்டும் முடியும். இரவுக் காவலர் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே போவார். சத்தம் கேட்டால் நிற்பார். ஸ்கேனரும் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடிப் போகும். பேச்சு கேட்டால் நிற்கும். பேச்சு முடிந்ததும் நகரும். பேச்சைச் சங்கேதமாக மாற்றி அனுப்பினால், ஸ்கேனரில் இரைச்சல்தான் கேட்கும்.

கேட்கலாமா?

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது தவறு. காவல்துறை பேச்சை ஒட்டுக் கேட்பதும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வாக்கி டாக்கி வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். ரயில்வே அலைவரிசையில் யாரோ விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? 'வண்டியை நிறுத்து' என்று கார்டு சொல்வது ஓட்டுநர் காதில் விழாமல் போகலாம். பல உயிர்கள் போகலாம். ஆகவே அனுமதி கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

நேர்வழி உண்டு

ஆசை உள்ளவர்கள் ஹாம் வானொலி கற்கலாம். 12 வயது நிரம்பினால் போதும். தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் பெற வேண்டும். பிறகு உலகம் முழுவதும் நண்பர்களுடன் பேசலாம்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவுடன் அந்தமானில் இருந்தார். ஹாம் வானொலியில் பேசவே போயிருந்தார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. ஹாம் வானொலி பேசியது. தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய செய்தி, தவித்த உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

காற்றில் வரும் பேச்சு ஒட்டுக் கேட்பதற்கு அல்ல. ஆபத்தில் உதவுவதற்கு.