மண்டோர் வீட்டுச் சொந்தங்கள்

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிவம் ஆறு படிக்கிறாள். புக்கிட் செந்தோசா கடைவீட்டு வரிசையில் தே குடிக்க உட்கார்ந்திருந்தேன். நோட்டும் கையுமாக வந்து எதிரில் அமர்ந்தாள். "அங்கிள், மூவெட்டுக்கு ஒரு நாளைக்கு இருபது சொல் மனப்பாடம் பண்றேன். மறுநாள் பார்த்தா பாதி இல்ல." இன்னொரு தே தாரிக் சொன்னேன்.

முதலில் தேர்வைப் பார்த்துவிடுவோம். மூவெட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு 1999-இல் தொடங்கியது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360. இதில் எங்கும் சொல்லைத் தனியே நிறுத்தி எதிர்ச்சொல் கேட்பதில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க எஸ்.ஏ.டி. தேர்வே 1994-இல் அதைக் கைவிட்டது. நாம்தான் இன்னும் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

பட்டியலே வேண்டாமா என்றால், உருப்படியான ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்டது. பல்கலைக்கழக நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் திரட்டி 570 சொற்குடும்பங்களாக அடுக்கினார். பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழி வந்தவை. அந்த 'குடும்பம்' என்ற சொல்லைக் கவனி என்றேன். நாம் தனித்தனி ஆளாகப் படிப்பதால்தான் மறக்கிறது.

இந்தப் பட்டியலில் பலவற்றை நீ மலாய்ப் பாடநூலிலேயே படித்துவிட்டாய். ரெலெவான், கொன்சிஸ்தென், அல்தெர்னாதிஃப், இம்ப்லிகாசி. மலாயில் 'சி' என்று முடிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஷன்' ஆகும். 'தி' என்று முடிவது 'டி' ஆகும், குவாலிதி குவாலிட்டி ஆவதுபோல. நாசி லெமாக்கை மட்டும் நேஷன் ஆக்கிவிடாதே. எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். மலாயில் எழுதிப் பழகிய கை, ஆங்கிலத் தாளிலும் அப்படியே எழுதிவிடும்.

வேறு சொற்குடும்பங்கள் எங்கே? தோட்டத்தில். இந்த வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பும் வந்துவிட்டது. ஆனால் சொற்கள் வீட்டில்தான் இருக்கின்றன. "உன் தாத்தாவை வேலைக்கு விரட்டினது யாரு?" என்று கேட்டேன். "மண்டோர்" என்றாள். அது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். மூலம் லத்தீனில் 'கட்டளையிடு' என்று பொருள்படும் 'மண்டாரே'. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் கமாண்ட், டிமாண்ட், மேண்டேட், மேண்டேட்டரி எல்லாம். பேப்பரில் தினமும் வரும் ரிமாண்டும் அதே குடும்பம்: மறுபடி காவலுக்கு அனுப்பும் உத்தரவு.

அடுத்தது நிறுவை. வெட்டிய பாலைக் கொண்டுபோய் நிறுத்தால்தான் சம்பளம். லத்தீனில் நிறுப்பதற்கு 'பெண்டெரே'. காசையும் ஒரு காலத்தில் நிறுத்துத்தான் கொடுத்தார்கள் என்பதால், அதற்குக் கொடுப்பது என்ற பொருளும் ஏறிக்கொண்டது. எனவே பென்ஷன், எக்ஸ்பென்ஸ். மருந்தை நிறுத்துப் பங்கிட்டுத் தரும் இடம் டிஸ்பென்சரி. ஒரு தட்டில் இழப்பையும் மறு தட்டில் பணத்தையும் வைத்துச் சரிக்கட்டினால் காம்பென்சேட். தமிழில் நட்டஈடு என்கிறோமே, ஈடு என்றாலும் சமம்தானே? இரண்டு மொழிக்காரனும் தராசைப் பார்த்தே யோசித்திருக்கிறான். இதைச் சொன்னபோதுதான் பிள்ளை நோட்டைத் திறந்தாள்.

ஒன்று மட்டும் எச்சரித்தேன். சாயல் இருந்தால் எல்லாம் சொந்தமாகிவிடாது. ரெக்கமெண்ட் மண்டோர் வீட்டுப் பிள்ளை. அமெண்ட் அப்படியில்லை, பிழை என்று பொருள்படும் 'மெண்டும்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது, பிழை நீக்குவது. ஐயம் வந்தால் அகராதியில் சொல் பிறப்பைப் பார்த்துவிட வேண்டும். அரை நிமிட வேலை.

வேர் தெரிந்தால் வாசித்தல் தாளில் தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்கலாம். எழுதுதல் தாளுக்கு அது போதாது. அங்கே இரண்டாவது கேள்விக்குக் குறைந்தது 250 சொல் எழுதவேண்டும். சொல் தன் பக்கத்துணையோடு வந்தாக வேண்டும். ஆகவே குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் உன் வீட்டு விஷயமாகவே ஒரு வாக்கியம் எழுது என்றேன். அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதுவது வீண்.

அங்கேயே ஒன்று எழுதிக் காட்டினாள். தோட்டம் விற்கப்பட்டபோது தாத்தாவுக்கு வேலை போனதற்கு நட்டஈடு கொடுத்தார்கள் என்ற செய்தி. காம்பென்சேட் சரியாக விழுந்திருந்தது. எதற்காக என்று காட்டும் 'ஃபார்' இல்லை. பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டேன். தலையில் தட்டிக்கொண்டு போட்டாள்.

"அப்போ தோட்டத்து ஆபீஸ் கிராணி எந்த வீடு அங்கிள்?"

"அது நம்ம பக்கத்து ஆளு. லத்தீன்ல தேடாதே. தே ஆறுது, குடி."