கணினியும் கடுங்குளிரும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணப் பட்டினத்தை 1658 ஆம் ஆண்டிலே கைப்பற்றிய பின், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையையும் வேலணையையும் தன்னகத்தே கொண்ட தீவு லைடன் எனப்பட்டது. இவற்றுள் டெல்வ்ற் என்னும் பெயர் இன்றும் ஆங்கில வழக்கில் நின்று நிலவுகின்றது. ஏனையவை பெரும்பாலும் பழைய ஆவணங்களிலும் தேசப்படங்களிலும் ஒதுங்கிவிட்டன.

ஒல்லாந்து நாட்டு லைடன் நகரம் விஞ்ஞான வரலாற்றில் அழியா இடம் பெற்றது குளிரினாலாகும். 1908 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள், அந்நகரப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே காமர்லிங் ஒன்னெசு என்னும் பேரறிஞர் ஈலியம் என்னும் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அது பூச்சியத்தின் கீழ் 269 பாகை செல்சியசிற் கொதிப்பது. மூன்றாண்டு கழித்து, அதே குளிரில் இரசத்தின் மின்தடை அறவே மறைந்துபோதலையும் அவர் கண்டார். 1913 இல் நொபெல் பரிசு அவரை வந்தடைந்தது. பனியே காணாத நம் லைடனுக்கும் உலகத்தின் குளிருக்கெல்லாம் தலைநகராய் விளங்கிய அந்த லைடனுக்கும் பெயரளவிலன்றி வேறு தொடர்பில்லை என்றே எவரும் கருதுவர். ஆயினும் கணினியைக் கடுங்குளிரில் இயக்கிப் பார்க்கும் ஆர்வம் உலகெங்கும் இளைஞரைப் பற்றியுள்ள இக்காலத்தில், ஊர்காவற்றுறை மாணவன் ஒருவன் அதில் இறங்குவானாயின் எதனை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பது ஆராயத்தக்கது. குளிர்நாட்டாருக்கு எழுதப்பெற்ற வழிகாட்டிகள் அவனுக்கு முழுவதும் உதவா.

ஆங்கிலத்தில் ஓவர்குளொக்கிங் எனப்படும் இம்முயற்சியைத் துடிப்பு விரைவாக்கம் எனலாம். கணினியின் மூளையாகிய முறைவழியாக்கி, ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து வேலை செய்வது. ஒரு செக்கனில் நூறு கோடித் துடிப்பு நிகழின் அது ஒரு கிகாஹேர்ட்சு. தயாரிப்போர் தாம் விற்கும் ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும், வெப்பமான அறையிலும் பல்லாண்டு பிழையின்றி இயங்கத்தக்க ஒரு துடிப்பளவைக் குறித்து விடுக்கின்றனர். அவ்வெல்லைக்கு மேலும் இடமுண்டு என்பது ஆர்வலர் கண்ட உண்மை. துடிப்பைக் கூட்டினால் உள்ளிருக்கும் திரான்சிற்றர்கள் விரைந்து திறந்து மூடவேண்டும்; அதற்கு மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். இங்கேதான் இடர் தொடங்குகின்றது. செலவாகும் வலு துடிப்பளவோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுவது. 1.3 உவோல்ற்றில் இயங்கிய ஒன்றை 1.7 உவோல்ற்றுக்கு உயர்த்தித் துடிப்பையும் ஒன்றரை மடங்காக்கினால், வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். ஒரு பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கன் துண்டிலிருந்து முந்நூறு உவாற்று வெப்பத்தை இடையறாது அகற்ற வேண்டியவனுக்குச் சாதாரண விசிறி எவ்வாறு போதும்?

கடுங்குளிர் இவ்வெப்பத்தை வாரிச் செல்வதோடு நில்லாது, சிலிக்கனின் இயல்பையே மாற்றுகின்றது. வெப்பம் என்பது அணுக்களின் நடுக்கமே. நடுக்கம் குறையவே இலத்திரன்கள் முட்டுப்பாடு குறைந்து விரைந்து செல்லும். செம்புக் கம்பியின் தடையும் திரவ நைதரசனின் குளிரில், தடித்த கம்பியாயின், அறை வெப்பநிலையில் இருந்ததன் எட்டிலொரு பங்களவாகக் குறையும். முறைவழியாக்கியின் உள்ளே ஓடும் நுண்கம்பிகளில் இக்குறைவு அத்துணைப் பெரிதன்று. மூன்றாவதாக, மூடியிருக்கும் திரான்சிற்றரினூடே கசியும் ஒழுக்கு மின்னோட்டம் குளிரில் அற்றுப்போகும். இதன் எல்லையை 2006 இல் ஐ.பி.எம். நிறுவனமும் ஜோர்ஜியா தொழினுட்பக் கழகமும் காட்டின. அவை சிலிக்கன்–ஜேர்மானியத்தாலான தனித் திரான்சிற்றர் ஒன்றை ஈலியக் குளிரில் 500 கிகாஹேர்ட்சு வரை இயக்கின.

குளிரைக் கணினிக்குப் பயன்படுத்தியது விளையாட்டாகத் தொடங்கியதன்று. கொன்றோல் டேற்றா நிறுவனத்திலிருந்து 1983 இல் பிரிந்த ஈ.ரி.ஏ. என்னும் அமெரிக்க நிறுவனம், தன் மீக்கணினியின் சுற்றுப்பலகைகளைத் திரவ நைதரசனில் அமிழ்த்தி, வேகத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியது. 1987 இல் அத்தகைய கணினி புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. வணிகத்தில் அது நிலைக்கவில்லை. 1989 இல் நிறுவனம் மூடப்பட்டது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தனிமனிதர் தொடர்ந்தனர். 2003 ஆம் ஆண்டிறுதியில் 3.2 கிகாஹேர்ட்சுப் பென்ரியம் முறைவழியாக்கி ஒன்று நைதரசனின் உதவியால் 5 கிகாஹேர்ட்சைத் தாண்டியது. 2011 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எப்.எக்ஸ். 8150, திரவ ஈலியத்தால் 8.429 கிகாஹேர்ட்சை எட்டிக் கின்னஸ் பதிவு பெற்றது. 2022 டிசம்பரில் இன்ரெல் நிறுவனத்தின் முறைவழியாக்கி ஒன்று 9 கிகாஹேர்ட்சு என்னும் வரம்பைக் கடந்தது. 2024 இல் அவ்வளவு 9.1 ஆயிற்று. இவை யாவும் சில கணங்களே நிலைத்த வேகங்கள் என்பதை மறத்தலாகாது. பதிவெடுக்கும் அளவுக்கு நின்றாற் போதும் என்பதே அப்போட்டியின் விதி. ஆகவே இதனைக் கணினிப் பயன்பாடு என்பதினும், பொருளின் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை என்பதே பொருந்தும்.

வெப்பநாட்டார் குளிரை விலைகொடுத்து வாங்கியது புதிதன்று. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி 1833 இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்தது. சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்க 1842 இல் ஒரு கிடங்கு எழுந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே 1897 சனவரியில் உரையாற்றிய சுவாமி விவேகாநந்தர், அடுத்த திங்களில் சென்னையில் தங்கியிருந்தது, பனிக்கட்டி வணிகம் ஓய்ந்தபின் மாளிகையாக மாறிய அக்கட்டடத்திலேயாம்.

இனி ஊர்காவற்றுறைக்கு வருவோமாயின், தொடக்கநிலையாளன் முதலில் அறியவேண்டிய எண் நைதரசனின் கொதிநிலையாகிய பூச்சியத்தின் கீழ் 196 அன்று. பூச்சியத்தின் மேல் 25 ஆகும். இது வியப்பாகத் தோன்றலாம். மூன்று புறமும் கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில், வளி 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உடையதாயிருப்பது சாதாரணம். அந்நிலையில் அவ்வளியின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின் மேலும் நீர் படியும். மீன்வாடியில் ஐஸ் நிறைத்த பெட்டியின் வெளிப்புறம் வியர்த்து நிலத்தை நனைப்பதை இவ்வூர்ச் சிறுவரும் அறிவர். நீள அகல உயரம் மும்மூன்று மீற்றரான ஓர் அறையின் வளியில், மேற்கூறிய நிலையில் அரை இலீற்றருக்கு மேற்பட்ட நீர் ஆவியாய்க் கலந்து நிற்கின்றது. அவ்வளவும் தாய்ப்பலகையின் மேல் இறங்கக் காத்திருக்கும் நீர் எனக் கொள்க. குளிர்நாட்டு மாரியில் சூடேற்றிய அறையின் வளி மிக வறண்டது. அங்குள்ளார் இரண்டு மணி நேரம் அஞ்சாது செய்வதை இங்குள்ளார் இருபது நிமிடமும் செய்தல் அரிது. தூய நீர் மின்னை அதிகங் கடத்தாதென்பது உண்மையே. ஆயின் கடற்காற்று சுமந்துவரும் உப்பும் பலகையிற் படிந்த தூசியும் கரைந்த நீர் நன்கு கடத்தும். பின்னர் இணைப்புகளை அரிக்கவும் செய்யும்.

இன்னுமொன்று நோக்குக. உறைபனி தானே மின்னை எளிதிற் கடத்துவதன்று. பலகை வெண்பனி போர்த்திருக்கையிலும் கணினி ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்திய பின், பனி உருகி நீராகும்போதே பெருந்தீங்கு விளைகின்றது. வெற்றிக் களிப்பில் மீண்டும் மின்னைச் செலுத்துவோர் பலகையை இழப்பது இதனாலாம்.

ஆதலின் முதல் வேலை குளிர்ப்பதன்று, காவலிடுவது. முறைவழியாக்கியைச் சூழ்ந்த இடமெல்லாம் வாசலினோ, ஓவியர் பயன்படுத்தும் பிசைந்த அழிப்பானோ அப்பி, வளி புகும் இடுக்கு எதுவுமின்றி அடைத்தல் வேண்டும். அதன்மேல் நீர் புகாத நுரைத்தட்டை அளவாக வெட்டிப் பொருத்துவர். பலகையின் பின்புறத்தையும் இவ்வாறே மூடுதல் வேண்டும். குளிர் ஊடுருவி அப்புறமும் வியர்க்கும் என்பதைத் தொடக்கநிலையாளர் பலர் எண்ணுவதில்லை. அதன்பின் முறைவழியாக்கியின் மேல் தடித்த அடியுள்ள செப்புக் குவளையொன்றை இறுக்கி, அதன் அடியில் வெப்பநிலை அளக்கும் வெப்பவிணையைச் செருகி, சுற்றிலும் நீருறிஞ்சும் தாளை வைப்பர்.

குளிருக்கு மூன்று படிகள் உண்டு. நொறுக்கிய ஐசும் உப்பும் தகுந்த அளவிற் கலந்தால் பூச்சியத்தின் கீழ் 21 பாகை வரை இறங்கலாம். மீன்பிடி ஊரில் இரண்டும் எளிதிற் கிடைப்பன. உப்புநீர் பலகைக்கு நஞ்சாதலால் இதனைக் குவளையில் நேரே இடுதல் தகாது. காவலைச் சோதித்துப் பார்க்க, வெறும் பலகையின் மேல் மூடிய பாத்திரத்தில் வைத்துப் பயிலலாம். அடுத்தது உலர்பனி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டு. பூச்சியத்தின் கீழ் 78 பாகையில் உருகாமலே ஆவியாவது. தொடக்கநிலையாளனுக்கு இதுவே ஏற்றது. மூன்றாவது திரவ நைதரசன். இதுவும் இந்நாட்டுக்கு அந்நியமன்று. பசுக்களின் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான உறைவிந்து இத்திரவத்திலேயே பேணப்படுகின்றது. அக்கலத்திலிருந்து ஆர்வத்துக்கெனக் கைந்நீட்டுதல் மட்டும் கூடாது. திரவம் தாழ்ந்தால் உள்ளிருப்பவை கெடும், நட்டம் கமக்காரனுக்கு.

எவ்வளவு வேண்டும் என்பது கணக்காற் பெறத்தக்கது. ஓர் இலீற்றர் திரவ நைதரசன் ஆவியாக ஏறத்தாழ 160 கிலோயூல் வெப்பம் கொள்ளும். முந்நூறு உவாற்று முறைவழியாக்கி அதனை ஒன்பது நிமிடத்திற் குடித்துவிடும். இரண்டு கிலோகிராம் செப்புக் குவளையை அறை வெப்பநிலையிலிருந்து குளிர்விக்க மட்டும் ஓர் இலீற்றர் அளவு செலவாகும். ஆக, சிந்துவதும் வீணாவதும் சேர்த்து ஒரு மணி நேர முயற்சிக்குப் பத்து இலீற்றர் என மதிப்பிடுதல் தகும். ஈலியமோ, ஆவியாதற்கான மறைவெப்பத்தில், இலீற்றருக்கு நைதரசனின் அறுபதிலொரு பங்கே வெப்பம் கொள்வது. அதன் விலையையும் நோக்கின், உலகப் பதிவு தேடுவோர்க்கன்றிப் பிறர்க்கு ஆகாதெனல் தெளிவு.

பத்து இலீற்றர் என்ற அந்த எண்ணிலே உயிராபத்தும் அடங்கியுள்ளது. ஓர் இலீற்றர் திரவம் ஏறத்தாழ 700 இலீற்றர் வாயுவாக விரியும். மேற்சொன்ன சிறிய அறையைப் பூட்டி வைத்துப் பத்து இலீற்றரை ஆவியாக்கினால், அறையின் வளியில் நாலிலொரு பங்கை அது தள்ளிவிடும். ஒட்சிசன் 21 வீதத்திலிருந்து 16 வீதத்தளவுக்கு வீழும். கலம் கவிழ்ந்து ஒருங்கே ஆவியாயின், நிலத்தையண்டி நிற்கும் குளிர்வாயுவிலே நிலைமை இன்னும் கொடிதாகும். நைதரசனுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறல் என்னும் எச்சரிக்கையையும் அது தருவதில்லை. மயங்கியவனைத் தூக்கச் சென்றவனும் மயங்கி வீழ்ந்து மாண்ட நிகழ்ச்சிகள் ஆய்வுகூடங்களில் உண்டு. ஆதலின் இம்முயற்சிக்குரிய இடம் விறாந்தையேயன்றிக் குளிரூட்டிய அறையன்று. ஈரப்பதனுக்கு அஞ்சிச் சாளரத்தைப் பூட்டுபவன், பலகையைக் காக்க உயிரைப் பணயம் வைக்கிறான். பண்ணைப் பாலம் வழியே இதனைக் கொண்டுவருவோரும் திறந்த வண்டியில், நிமிர்த்திக் கட்டிய கலத்தில், கொணர்தல் வேண்டும். கலத்தின் வாயை இறுக அடைத்தால் அது வெடிக்கும். ஊற்றுவோனுக்கு முகமூடிக் கண்ணாடி வேண்டும். கையுறை தளர்ந்ததாய், உதறியவுடன் கழல்வதாய் இருத்தல் வேண்டும். திரவத்தை உறிஞ்சும் கம்பளிக் கையுறை வெறுங்கையினும் கேடானது.

முயற்சியின் போக்கு பொறுமையைச் சோதிப்பது. முதலில் விசிறியோடே துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சோதனைக் கணக்குகளை ஓட்டிப் பிழை தோன்றும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறிப்பின்றிக் குளிருக்குச் செல்பவன், பிழை எதனால் வந்ததென அறியமாட்டான். பின்னர் திரவத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பூச்சியத்தின் கீழ் 50 பாகையில் நிறுத்தி, மீண்டும் சோதித்து, அதன் பின்னரே மேலும் இறங்குதல் முறை. சில முறைவழியாக்கிகள் ஒரு குறித்த குளிருக்குக் கீழே திடீரென நின்றுவிடும். வெப்பநிலை சற்று ஏறினால் மீண்டும் எழும். இக்குளிர்முடக்கம் ஒரே வகையிலும் துண்டுக்குத் துண்டு வேறுபடும். இடையிலுள்ள வெப்பங்கடத்தும் பசையும் கடுங்குளிரில் வெடித்துத் தொடர்பறுவதுண்டு; அப்போது குவளை குளிர்ந்திருக்க முறைவழியாக்கி மட்டும் கொதிக்கும். அளவுகருவி காட்டும் குளிரை மட்டும் நம்பியிருப்போர் ஏமாறும் இடம் இது.

இத்தனைக்கும் உட்படுத்தத்தக்கது பழைய, இழந்தாலும் தாங்கத்தக்க கணினியே. வீட்டிலிருப்பது ஒன்றே ஒன்றாய், தம்பி தங்கையரின் பாடங்களும் அதிலேயே இருக்குமாயின், அதன்மேற் கைவைப்பது பரிசோதனையாகாது. நாலைந்து பேர் கூடி ஒரு பழைய பலகையை வாங்கி, விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வார்களாயின், மறைவெப்பமும் பனிபடுநிலையும் குறைகடத்தியும் பாடநூலின் பக்கங்களிலிருந்து எழுந்து நிற்கக் காண்பர்.

வேலை முடிந்ததும் மின்னைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றி, விசிறிக் காற்றால் குவளையை மெல்ல அறை வெப்பநிலைக்குக் கொணர வேண்டும். காவலை நீக்கி நீரை ஒற்றியெடுத்து, உப்புப் படிந்த இடத்தைத் தூய மதுசாரத்தாற் கழுவி, பலகையை நிழலில் ஒரு முழுநாள் உலரவிடுதல் தகும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி கார்த்திகையாயின் இரண்டு நாள் விடுக.