கருக்கும் வெண்பளிங்கு

வாக்களித்துவிட்டு வீடு திரும்புபவரின் விரலிலே ஒரு கறை இருக்கும். சவர்க்காரமிட்டு எத்துணை தேய்ப்பினும் அது அகல்வதில்லை. இந்தியாவில் 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வழக்குக்கு வந்த அத்தகைய மையின் உயிர்ப்பொருள் வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்பாகும்.

வெள்ளியை ஐதான நைத்திரிக்கமிலத்திலிட்டு மெல்லச் சூடாக்கினால் உலோகம் கரைந்துவிடும். அப்போது நச்சுவாயு எழுவதால், பயின்றவர்களே இதனைச் செய்தல் வேண்டும். கரைசலை வற்றவைத்து ஆறவிட, நிறமற்ற பளிங்குகள் தோன்றும். அவற்றின் நிறையில் நூற்றுக்கு 63.5 பங்கு வெள்ளியே. அவை நீரில் மிக எளிதாகக் கரைவன.

இக்கரைசலில் ஒரு துளியைக் கறியுப்பு நீரில் விட்டால், தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். அதுவே வெள்ளிக் குளோரைட்டு. வெயிலில் வைத்தால் அது ஊதாவாகிப் பின் கருமையடையும். ஒளிபட்டதும் நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் பிரிவதே காரணம். நமது தோலிலும் உப்பு உண்டு. ஆகவே விரலிலும் இதுவே நிகழ்கின்றது. தோலின் மேற்படை உதிர்ந்து புதுப்படை வளரும்வரை கறை நிலைக்கும். இவ்வுப்பையும் பொற்றாசியம் புரோமைட்டையும் சேர்த்துப் பெறும் வெள்ளி புரோமைட்டே புகைப்படச் சுருள்களில் ஒளியின் சுவட்டைப் பதித்தது.

எனினும் இவ்வுப்பின் பெருந்தொண்டு பிரசவ விடுதியிலேதான் நிகழ்ந்தது. தாயிடமிருந்த மேகவெட்டைக் கிருமி பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணிற் புகுந்து, பலரைப் பார்வையற்றவராக்கி வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மருத்துவர் கார்ல் கிரெடே, 1880ஆம் ஆண்டளவில், நூற்றுக்கு 2 பங்கு வலிமையுள்ள கரைசலைப் பிறந்த குழந்தைகளின் கண்களில் ஒவ்வொரு துளி இடலானார். முன்னர் அவ்விடுதியில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளளவில் பற்றிய அந்நோய், நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது. பல நாடுகள் அம்முறையைத் தழுவின.

ஆயினும் அத்துளி கண்ணை உறுத்திச் சிவக்கச் செய்தது. வலிமை மிகுந்தாலோ கண்ணையே சுட்டுக் கெடுத்துவிடும். எனவே பின்னாளில் 1 பங்குக் கரைசல் வழக்காயிற்று. இன்று பல நாடுகளில் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்புகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

தோலைச் சுடும் இதே உப்பு, அளவறிந்த கையில் பார்வை காத்த மருந்தாயிற்று. கபில நிறப் போத்தலில், ஒளிபடாது, சிறுவர் கைக்கெட்டாது இதனை வைத்தல் கடன்.