இரவில் மரத்துப்போகும் கைகள்: அறுவை சிகிச்சையின்றிக் குணம் காணலாமா?

நள்ளிரவில் கை மரத்துப்போய் உறக்கம் கலைகிறது. எழுந்து உதறினால் சற்றே தெளிகிறது. மீண்டும் கண்ணயர்ந்தால் அதே தொல்லை. இவ்வாறு வருவோரில் சிலர் பக்கவாதத்தின் தொடக்கமோ என்று அஞ்சுகின்றனர். வேறு சிலர் நரம்புத் தளர்ச்சி என்று கருதி, மாதக்கணக்கில் சத்து ஊசி போட்டுக்கொண்டபின் வருகின்றனர். இவர்களுள் பலருக்கும் இருப்பது 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' எனப்படும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமே. உரிய காலத்தில் தொடங்கினால், அறுவை சிகிச்சையின்றியே இதில் நல்ல பலன் காணலாம்.

ஏன் வருகிறது?

உள்ளங்கைப் பக்க மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து குறுகிய குகைபோல் அமைந்துள்ளன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் 'மீடியன்' நரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கு அழுத்தம் கூடும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

கையால் பால் கறத்தல், தறி நெய்தல், தையல் போன்று விரல்களை இறுக்கி மணிக்கட்டை மடக்கும் வேலைகள் இத்தொல்லையை மிகுவிக்கும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், உடற்பருமன், கருவுற்ற காலம் ஆகியவையும் காரணமாகலாம். எனவே இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். தைராய்டு குறைபாட்டைச் சரிசெய்தாலே சிலருக்குக் கையும் தெளிந்துவிடும். கருவுற்றோருக்குப் பெரும்பாலும் பேறுகாலத்திற்குப் பின் தானே குறையும்.

முதல் மருந்து: நேரான மணிக்கட்டு

உறங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டு மடங்குகிறது. குகையில் அழுத்தம் உயர்கிறது. அதனைத் தடுப்பதே 'ஸ்பிளின்ட்' என்னும் மணிக்கட்டுப் பட்டை. இரவுதோறும், குறைந்தது 6 வாரம் அணிதல் வேண்டும். நான்கு நாள் அணிந்துவிட்டுப் பலனில்லை என்று கழற்றிவைப்பது முறையன்று. கடைகளில் கிடைக்கும் பல பட்டைகளில் உள்ள உலோகத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். இறுகக் கட்டாதீர்கள், அது அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

ஊசி எப்போது?

தொல்லை கடுமையாக இருப்பின், மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாம். இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 6 வாரத்தில் பட்டையைவிட ஊசியே மிகுந்த பலன் தந்தது. 6 மாதத்திலோ இரண்டிற்கும் வேறுபாடு காணப்படவில்லை. விரைந்த நிவாரணத்திற்கு ஊசி, பொறுத்திருக்க இயலுமாயின் பட்டை என்று கொள்ளலாம். ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

வலிநிவாரண மாத்திரைகளால் இந்நோயில் பெரும்பயன் இல்லை. நெடுநாள் உட்கொண்டால் சிறுநீரகம் கெடலாம். வைட்டமின் பி6-ஐ மிகுந்த அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலை

மரப்பு பகலிலும் நீங்காமல் நிலைத்தல், கையிலுள்ள பொருள் நழுவுதல், சட்டைப் பொத்தான் போட இயலாமை, கட்டைவிரலின் அடியிலுள்ள தசைமேடு வற்றுதல் ஆகியவை நரம்பு நலிவதன் அடையாளங்கள். நரம்புக் கடத்தல் சோதனை பாதிப்பின் அளவைக் காட்டும். இந்நிலையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது. முற்றிலும் வற்றிய தசை மீளாமலே போகலாம்.

திடீரென ஒரு பக்கக் கை தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள் அல்ல. அவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

குடும்பத்தாருக்கு

சிகிச்சை பெறும் 6 வாரமும் பால் கறத்தல், துணி பிழிதல், குடம் தூக்குதல் ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர் ஏற்றுக்கொள்ளுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. ஆகவே அடுப்பில் வேலை செய்யும்போது உடனிருந்து கவனியுங்கள். இரவில் பட்டையை அணிய மறந்தால் நினைவூட்டுங்கள். 6 வாரம் கழிந்தும் குறையவில்லையெனில், பட்டையையும் பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரைக் காணுங்கள்.